பழம் வாங்கியவள் போட்ட வழக்கு

திருச்சியில் ஒரு லாரி பின்னால் வரவேண்டுமென்றால் அதற்கு ஒரு மனிதக் குரல் வேண்டும். கல்யாணம் கட்டிக்கொண்டு மலேசியாவின் கிள்ளானிலிருந்து இங்கே வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் லோரியை ‘கோஸ்தான்’ எடுத்தால், அதாவது பின்னுக்குத் தள்ளினால், வண்டியே பீப் பீப் என்று கத்தும்; ஆள் விலகிக்கொள்வான். இங்கே கிளீனர் என்று ஒருவர் இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்று, அதன் உடம்பை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே “வா, வா, வரலாம், இன்னும் வா” என்று ராகம் போடுவார். போதும் என்றால் ஓங்கி ஒரு தட்டு, “ஹோல்டான்!” அவ்வளவுதான், மலை மாதிரி வண்டி நின்றுவிடும். டிரைவர் கண்ணாடியைப் பார்க்கிறாரோ இல்லையோ, அந்தக் குரலைக் கேட்பார். பெற்ற தாயின் பேச்சைக்கூட யாரும் இவ்வளவு பணிவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கிள்ளானில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல் கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒருநாள் அந்தக் குரல் இல்லாமல் ஒரு லாரி பின்னால் வந்தது. நான் அங்கே நின்றிருந்தேன்.

துவாக்குடியில் கொதிகலன்களுக்கு இரும்புக் குழாய் வளைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, ஊருக்குள் ஒரு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேருவேன். வெளியே போகும் சரக்கு என் பொறுப்பு. குழாய்களைச் சரிபார்த்து, சாக்பீஸால் குறி போட்டு, வண்டியில் ஏற்றிவிட வேண்டும். பின்னால் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் எந்த வண்டியும் எங்கள் முற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். மலேசியாக்காரியின் கெடுபிடி என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அன்றைக்கு வந்தது வெளியார் லாரி. வாடகைக்குச் சரக்கு எடுக்க வருவது. அது வெளிவாசல் பக்கம் எஞ்சின் அணைந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் குழாய் அடுக்கின் பக்கம் திரும்பிக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். “வா, வா” என்ற குரல் ஏதும் கேட்கவில்லை. எஞ்சின் உறுமல் மட்டும் திடீரென்று கிட்டத்தில் கேட்டது. நான் உடம்பை விலக்கிக்கொண்டேன். வலது கையை விலக்க முடியவில்லை. லாரியின் பின்கதவுக்கும் இரும்பு அடுக்குக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டது. வலி அப்போது தெரியவில்லை. சாக்பீஸ் மாவாகிப் போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு கிடந்தபோது லாரியின் சொந்தக்காரர் வந்தார். பெயர் ரெங்கராஜ். ஸ்ரீரங்கத்திலேயே எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வெள்ளை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லாவற்றுக்கும் மேலே இலையில் மடித்த பெருமாள் பிரசாதம். கட்டில் ஓரத்தில் நின்று கண் கலங்கினார். “ஏதோ கெட்ட நேரம்மா. நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் ரெங்கநாதன் பாத்துப்பான். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றார். என் கணவர் செல்வம் எழுந்து நின்று இரண்டு கையாலும் அந்தப் பையை வாங்கிக்கொண்டார். “பரவால்லீங்க. வந்து பாத்தீங்களே, அதுவே போதும்” என்றார். நானும் நன்றி சொன்னேன். அவர் போனதும் ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுக்கச் சொல்லிச் சாப்பிட்டேன். நல்ல ஆப்பிள்.

கிள்ளானில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் தெரிந்தவர், தெரியாதவர், பக்கத்துக் கட்டில் மலாய்க்காரரைப் பார்க்க வந்தவர் என்று எல்லோரும் நமக்கும் ஒரு கமலாப்பழத்தை நீட்டிவிட்டுப் போவார்கள். அதற்கு ஒரு பொருளும் கிடையாது. பழம் பழம்தான். அதே நினைப்பில்தான் நான் ரெங்கராஜின் ஆப்பிளைக் கடித்தேன். அந்தக் கடியில் ஒரு முழு வழக்கையும் தின்றுவிட்டேன் என்று இந்த ஊர் நினைத்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கை என்றால் என்ன என்று புரிந்தது. மணிக்கட்டு திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் ஓரளவு வரும், பழையபடி வராது என்று டாக்டர் சொன்னார். பஸ்ஸில் இடது கையால் காசை நீட்டினால் கண்டக்டர் ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பூக்காரம்மா இடது கையில் பூவைக் கொடுக்க மாட்டேன் என்று என் பைக்குள்ளேயே போட்டுவிடுவார். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். கிள்ளானில் பாதிப் பேர் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள், அதில் ஒன்றும் குறைவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ரசம் சோற்றைக் கரண்டியால் சாப்பிடும்போது அழுகை வந்ததை மறைக்க மாட்டேன்.

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு உண்டு. வைத்தியச் செலவை அது பார்த்துக்கொண்டது. வேலைக்குப் போகாத நாட்களுக்கும் அதிலிருந்து வந்தது. ஊனத்துக்கும் மாதாமாதம் ஏதோ வரும் என்றார்கள். அது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். எங்கள் முதலாளியும் நல்ல மனிதர். “வேலை இருக்கும்மா, உக்காந்தே பாக்குற மாதிரி ஏதாச்சும் பண்ணித் தரேன்” என்றார். அதோடு நானும் அடங்கிப் போயிருப்பேன். ஆனால் செல்வம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு சின்ன டிபன் கடை வைத்திருக்கிறார். அங்கே இட்லி சாப்பிட வந்த ஒருவர் சாம்பாரோடு சேர்த்து ஒரு செய்தியையும் பரிமாறிவிட்டுப் போனார். ரெங்கராஜ் ஊரெல்லாம் சொல்கிறாராம்: “வண்டி மேல தப்பே இல்ல. கிளீனர் கத்திக்கிட்டேதான் இருந்தான். அந்தம்மாவே பராக்கு பாத்துக்கிட்டு வந்து நின்னுச்சு.”

எனக்குச் சுரீரென்றது. முற்றத்தில் அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். அதை நானே மீறிப் போய் நின்று கையைக் கொடுத்தேன் என்றால், நாளைக்கு எந்த முகத்தோடு எந்த டிரைவரிடம் “கிளீனர் எங்கே?” என்று கேட்பேன்? இன்னொரு ஆபரேஷன் வேண்டும், அது நல்ல கை டாக்டரிடம் நடக்க வேண்டும். அதைவிட, இது என் தப்பில்லை என்று யாராவது ஒருவர், சொல்வதற்கு அதிகாரம் உள்ள ஒருவர், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது செல்வத்திடம், கேஸ் போடப் போகிறேன் என்றேன்.

செல்வம் இட்லி மாவு மாதிரி மென்மையான மனிதர். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தபோது அந்த மென்மையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். அவருக்கே முகம் மாறிவிட்டது. “ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து பாத்துட்டுப் போனவர் மேலயா? கை நீட்டிப் பழம் வாங்கிட்டோம் சாந்தி. பெருமாள் பிரசாதம் வேற. வாங்கிட்டு கேஸ் போட்டா நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடக்குறது?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அதுவும் முதலாளி மேல… அவர் சம்பளத்தைத் தின்னுட்டு…” என்றார். அவர் கண்ணில் ஒரே கேஸ்தான் தெரிந்தது. கம்பெனிக்குள் அடிபட்டால் கம்பெனி மேல்தான் கேஸ். அதனால்தான் இங்கே நிறையப் பேர் உப்பிட்டவருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். உப்பிட்டவருக்கும் லாரிக்காரருக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எனக்கு அந்த வாசல் இருப்பது தெரியும், ஏனென்றால் அதன் வழியாக என் அப்பா போனதைப் பார்த்திருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். வேறொரு கம்பெனியின் ஃபோர்க்லிஃப்டை ஓட்டி வந்த அசெங் என்ற சீனர் அப்பாவின் பாதத்தின் மேல் சரக்கை இறக்கிவிட்டார். தொழிலாளர் காப்புறுதியில் அப்பாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அதன் பிறகு தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உன் முதலாளி வேறு, தப்புச் செய்த வெளிக்கம்பெனி வேறு, அதனிடம் தனியாகக் கேட்கலாம் என்று சொன்னார். அப்பா கேட்டார். வழக்கு நடந்த காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அசெங்கும் எங்கள் வீட்டு முனையில் இருந்த கொப்பித்தியாமில், அதாவது காப்பிக்கடையில், ஒரே மேசையில் உட்கார்ந்து பால் விடாத ‘தே ஓ’ குடிப்பார்கள். அசெங் அப்பாவின் ஊன்றுகோலைத் தன் நாற்காலியில் சாய்த்து வைப்பார். ஒருமுறை அம்மா, கேஸ் போட்டவனும் கேஸில் இருப்பவனும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்ன கூத்து என்று கேட்டதற்கு, “அவன் பாட்டுக்கு அவன், இன்சூரன்ஸ் பாட்டுக்கு இன்சூரன்ஸ்” என்று அப்பா சொன்னார். எனக்கு அப்போது தட்டில் இருந்த ரொட்டிச்சானாய் பரோட்டாவின் மேல்தான் கவனம். ஆனால் அந்த மேசை மனசில் நின்றுவிட்டது.

கன்டோன்மென்ட் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நூர்ஜஹான் வக்கீலின் அலுவலகம். பெரிய கடைவீதிப் பக்கத்து வணிகக் குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். நான் ஆப்பிளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு பழம் வாங்கிட்டு வீட்டோட இருந்துட்டு, காலம் போனப்புறம்தான் வர்றாங்க. நீங்க நேரத்தோட வந்தீங்க, அல்ஹம்துலில்லா. இதுக்கு நாள் கணக்கு இருக்கு, தூங்கினா கதவு சாத்திடும்” என்றார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். இஎஸ்ஐ வந்துவிட்டதால் முதலாளி மேல் இழப்பீடு கேட்டு நான் போக முடியாது, போகவும் வேண்டாம். ஆனால் அந்தத் தடை முதலாளிக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வந்து இடித்தவருக்கு அந்தக் குடை கிடையாது. இடித்தது லாரி என்பதால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் பதில் சொல்ல வருவது இன்சூரன்ஸ் கம்பெனி. இஎஸ்ஐ இல்லாத இடமாக இருந்து லாரி இடித்திருந்தால், முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீடாகக் கேட்பதா, தீர்ப்பாயத்தில் கேட்பதா என்று ஒன்றைத்தான் பிடிக்க முடியும், இரண்டு படகிலும் கால் வைக்க முடியாது. அவசரப்பட்டு ஒன்றில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது என்றார். இதைப் படிக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. போலீஸில் எஃப்ஐஆர் போட வேண்டும். டிரைவர் மேல்தான் போடுவார்கள். பழனி என்று ஒரு பையன் மாதிரி இருக்கும் ஆள், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அடிபட்ட அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதே அவன்தான். “பெரும்பாலும் ஃபைனோட முடியும்ங்க. எஃப்ஐஆர் போடலேன்னா இந்த விபத்தே நடக்கலேன்னு சொல்லிடுவாங்க” என்றார் வக்கீல். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அவரு வந்து பாத்தாராமே? பழமெல்லாம் வாங்கிட்டு வந்தாராமே?” என்றார். “ஆமாம் சார், வந்தாரு” என்றேன். “அப்புறம் என்னம்மா?” என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. தப்புச் செய்தவன் முகத்தைக் காட்டாமல் ஒளிந்துகொள்ளும் உலகத்தில், நேரில் வந்து நிற்பது இங்கே அவ்வளவு பெரிய விஷயம். நூர்ஜஹான் வக்கீல் மட்டும், “சார், பழத்துக்கு ரசீது குடுத்தாச்சு, இப்ப எஃப்ஐஆருக்கு ஒரு காப்பி குடுங்க” என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுப் பதிவு செய்தார்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. மேசை மேல் இருந்த சாமி படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “என் மேலயாம்மா போடுறீங்க?” என்றார். “உங்க மேல இல்ல சார். லாரி மேல” என்றேன். “என் பேரு வராதா?” “இடம் உங்க இடம்னு வரும் சார். கேஸ் உங்க மேல கிடையாது.” அவர் நாற்காலியில் சாய்ந்து, ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் சொன்ன முதல் டீ. அதோடு நிற்கவில்லை. அன்று வெல்டிங் பகுதியில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பெண்ணைச் சாட்சிக்கு அனுப்புகிறேன் என்று அவராகவே சொன்னார். உப்பிட்டவரைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடியிருந்தால் அந்த உப்பிட்டவரே என்னைக் காப்பாற்றியிருக்க முடியாது. சொன்னால் செல்வம்கூட முதலில் நம்பவில்லை.

தெருவில் நடப்பது கொஞ்ச காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. ரெங்கராஜ் வீட்டுப் பெண்கள் கடைவீதியில் என்னைக் கண்டால் வாழைக்காயை உற்றுப் பார்ப்பார்கள். செல்வத்தின் கடைக்கு வந்துகொண்டிருந்த லாரிக்காரர்கள் எதிர்க்கடைக்கு மாறினார்கள். “வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டினா இப்படித்தான்” என்று ஒருவர் செல்வத்தின் காதுபடவே சொன்னாராம். அன்றைக்கு ராத்திரி செல்வம் என்னிடம் வந்து, “நீ போடு. நல்லா போடு” என்றார். மென்மையான மனிதர்களுக்குக் கோபம் வர நேரமாகும். வந்தால் அது நம் பக்கம் நிற்கும்.

தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் நல்ல உயரம், நல்ல குரல். கம்பெனி முற்றம் பொது இடமே இல்லை, அங்கே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். வாடகை லாரியும், சரக்கு வாங்க வருபவரும், பார்சல்காரரும் தினமும் வந்து போகும் இடம் எப்படி வீட்டுக் கூடமாகும் என்று நூர்ஜஹான் வக்கீல் கேட்டார். இஎஸ்ஐயில் வாங்கியாகிவிட்டதே, ஒரே காயத்துக்கு இரண்டு முறையா என்றார் அவர். அது முதலாளியோடு உள்ள கணக்கு, இடித்தவரோடு உள்ளது தனி என்றார் இவர், பழைய தீர்ப்புகளை அடுக்கிக் காட்டி. இதெல்லாம் அவர்கள் பாஷை. நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, என் முறைக்காகக் காத்திருந்தேன்.

பழனியைத்தான் அவர்கள் தங்கள் பக்கச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவன் கூண்டில் ஏறி, கிளீனர் பின்னால் நின்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார், அந்தம்மா கவனிக்கவில்லை என்று மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பித்தான். என்னைப் பார்க்கவே இல்லை. நூர்ஜஹான் வக்கீல் எழுந்தார். அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. “உங்களோட எத்தன நாளா வர்றாரு தம்பி அந்த கிளீனர்?” என்று சாதாரணமாகக் கேட்டார். “கொஞ்ச நாளாங்க” என்றான். “அவரு பேரு என்ன?”

பழனி வாயைத் திறந்தான், மூடினான். கூடவே உட்கார்ந்து, கூடவே சாப்பிட்டு, வண்டிக்கடியில் பாய் விரித்துக் கூடவே தூங்கும் மனிதனின் பெயர். டிரைவருக்கும் கிளீனருக்கும் உள்ள உறவு தெரிந்தவர்களுக்கு அந்த மௌனம் போதும். அவன் கண் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெங்கராஜிடம் போயிற்று. ரெங்கராஜ் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனி அதன் பிறகுதான் என்னைப் பார்த்தான், என் கையை. “கிளீனரே இல்லீங்க. மொதலாளி நிறுத்திட்டாரு. தனியாத்தான் வந்தேன். சத்தம் குடுக்க ஆள் இல்ல. அக்கா மேல தப்பில்லீங்க” என்றான். சொல்லிவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அங்கேயே எழுந்து போய் அவன் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். உயரமான வக்கீலிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு அம்பு. “லாரி ஓனர் உங்களை ஆஸ்பத்திரியில வந்து பாத்தாரா?” என்றார். பார்த்தார் என்றேன். “பழம், ஹார்லிக்ஸ், கோயில் பிரசாதம் எல்லாம் குடுத்தாரா? நீங்க வாங்கிக்கிட்டீங்களா?” “வாங்கினேன் சார். ஆப்பிள் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு.” பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். “அப்படின்னா அவரை மன்னிச்சு, சமாதானம் ஆயிட்டீங்க. அதானே அர்த்தம்?” என்று குரலை உயர்த்தினார்.

“ஆமாம் சார், மன்னிச்சிட்டேன்” என்றேன். நூர்ஜஹான் வக்கீலின் தலை சட்டென்று நிமிர்ந்தது. செல்வம் கண்ணை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நான் தொடர்ந்தேன். “மன்னிச்சது ரெங்கராஜ் அண்ணனை. அவரு வந்து கண்ணு கலங்கினது நெசம்னுதான் நான் இன்னும் நம்புறேன். பெருமாள் பிரசாதத்தை அவருக்காக வாங்கல, பெருமாளுக்காக வாங்கினேன். ஆனா உங்க இன்சூரன்ஸ் கம்பெனி என்னை வந்து பாக்கவே இல்லையே சார். ஒரு சாத்துக்குடிகூடக் கொண்டு வரலையே. அவங்களை எப்படி மன்னிக்கிறது?”

நீதிபதி வயதான அம்மையார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் சிரித்தார். உயரமான வக்கீல் “நோ ஃபர்தர் கொஸ்டின்ஸ்” என்று உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் நூர்ஜஹான் வக்கீல் என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். “மன்னிச்சிட்டேன்னு சொன்னதும் எனக்கு உசிரே போச்சுங்க” என்றார். இந்தப் பதில் எங்கே கிடைத்தது என்று கேட்டார். கிள்ளானில் ஒரு தேநீர்க் கடை மேசையில் கிடைத்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்குப் பொறுமை இல்லை, பசி வயிற்றைக் கிள்ளியது.

தீர்ப்பு வந்தபோது மதியம். முற்றம் பொது இடமாகவே கருதத்தக்கது, இஎஸ்ஐ பெற்றது இந்த மனுவுக்குத் தடையில்லை என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு வேண்டியது கடைசியில் வந்தது. விபத்துக்கு முழுக் காரணம் லாரியைப் பாதுகாப்பின்றிப் பின்னால் இயக்கியதே. மனுதாரர் மீது எந்தக் கவனக்குறைவும் இல்லை. எந்தக் கவனக்குறைவும் இல்லை. அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். எவ்வளவு கிடைத்தது என்று கேட்காதீர்கள். ஆபரேஷனுக்கும் அதற்கு மேலும் போதுமானது கிடைத்தது. அன்று கோர்ட் வாசலில் நான் சத்தமாகச் சிரித்தேன். பொம்பளை இப்படிச் சிரிப்பாளா என்று பார்த்த எல்லோரையும் பார்த்து இன்னொரு முறை சிரித்தேன். ஆபரேஷன் ஆகி, கை இன்று ஒரு டம்ளரைப் பிடிக்கிறது. ரசம் சோற்றை, கொஞ்சம் சிந்தினாலும், விரலால் சாப்பிடுகிறேன். துவாக்குடியில் என் முற்றத்தில் நின்றுகொண்டு “கிளீனர் எங்கே?” என்று கேட்கிறேன். முன்னைவிடச் சத்தமாகக் கேட்கிறேன்.

போன வாரம் ஒரு மாலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரெங்கராஜ் இறங்கினார். தீர்ப்புக்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கியது பழனி. வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கூண்டில் உண்மையைச் சொன்னதற்கு அவர் பழனியை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகவும், வேறு டிரைவர் சரிப்படாமல் மறுபடி கூப்பிட்டுக்கொண்டதாகவும், இப்போது கிளீனரும் வருவதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். சிமென்ட் கிடங்கில் சரக்கு இறக்கும்போது வேறொருவரின் டிப்பர் பழனியின் காலில் ஏறிவிட்டதாம். ரெங்கராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவா வேண்டாமா என்று தயங்கி நின்றார். வாங்க அண்ணே, உட்காருங்க என்றேன். பழனி தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். ரெங்கராஜ் அவன் முதுகில் தட்டி, “பயப்படாம சொல்லுடா. நம்ம ஊரு அக்காதான்” என்றார்.

‘நம்ம ஊரு’ என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இந்தத் தெருவில் என்னை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பழனியிடம், “டிப்பர்காரரு வந்து பாத்தாரா?” என்று கேட்டேன். “பாத்தாருக்கா. நேத்து வந்தாரு” என்றான். “பழம் கொண்டாந்தாரா?” பழனி ரெங்கராஜைப் பார்த்தான். ரெங்கராஜ் தன் கால் விரலைப் பார்த்தார். “கொண்டாந்தாருக்கா. மாதுளம்பழம்.” “சாப்பிடு. கால் ஆற நல்லது. நாளைக்குக் காலையில எஃப்ஐஆர் போட்டுட்டு வக்கீலம்மாவைப் பாக்கப் போலாம்” என்றேன். உள்ளேயிருந்து செல்வம் எல்லோருக்கும் காப்பியோடு வந்தார். ரெங்கராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போன சற்று நேரத்தில் கிள்ளானிலிருந்து அம்மாவின் வீடியோ கால். அங்கே மழை, தகரக் கூரைச் சத்தத்தில் அம்மாவின் குரல் பாதிதான் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். சொல்லும் வேகத்தில், “இங்க எங்க ஊருல இதெல்லாம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லம்மா” என்றேன். அம்மா தன் போனைத் திருப்பி, வாசலையும், மழையில் நனையும் ரம்புத்தான் மரத்தையும், அப்பாவின் ஊன்றுகோல் இன்னும் சாய்ந்திருக்கும் சுவரையும் காட்டினாள். “அப்ப இது யாரு ஊரு லா?” என்று கேட்டாள்.

“அதுவும் எங்க ஊருதான்” என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எதைத் திருத்துவது என்று தெரியாமல் நின்றேன். அம்மாவும் திருத்தவில்லை.